ஞாயிற்றுக்கிழமை மூட்டு வலி

எனக்கு மூட்டு வலி கிடையாது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். கம்பைநல்லூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன என்றும், அதற்காகத்தான் ஞாயிறு தவறாமல் தருமபுரிக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றும் பத்து மாதமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற இடத்திலெல்லாம் ஆளுக்கொரு தைலத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தி முடக்கத்தான் கீரையைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினாள். அதைத் தோசை மாவில் அரைத்துவிட்டுச் சாப்பிட்டதுதான் இந்தப் பொய்யால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

பொய்யைக் கிளப்பியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நான் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். இதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. மூட்டு வலியைச் சொல்ல வெட்கமாக இல்லை.

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதி சர்வீஸ் சித்தேரி மலை ஊர்களில் போனது, மீதி கீழே அரூர்ப் பக்கம். தடுப்பூசி, பிரசவம், குழந்தைக்கு எடை பார்ப்பது என்று ஓடிக்கொண்டிருந்த வேலையில், எனக்கு ரொம்பப் பிடித்தது சார்ட்டில் படம் போடுவதுதான். தாய்ப்பால் கொடுப்பது எப்படி, உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்குவது எப்படி என்று ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து சுவரில் ஒட்டுவேன். ஒரு முறை ஆய்வுக்கு வந்த டாக்டரம்மா அப்படி ஒரு படத்தின் முன்னால் நின்று, "இது யாரு வரைஞ்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட இருந்த ஓர் ஆள், "நம்ம ஆபீஸ்ல போட்டதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு விட்டுவிட்டேன். கையில் வேலையும் வீட்டில் பிள்ளைகளும் இருந்தபோது சண்டை போட எனக்கு நேரமில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேங்குக்குப் போய்த் திரும்பும்போது அந்த ஓவிய வகுப்பின் போர்டைப் பார்த்தேன். மாடியேறிப் போய், வயது வரம்பு ஏதாவது உண்டா என்று கேட்டேன். சொல்லிக் கொடுக்கிற பெண்ணுக்கு என் மகளைவிடச் சின்ன வயது. கொஞ்ச நேரம் யோசித்து, "அதெல்லாம் இல்லீங்கம்மா, பெஞ்சுதான் சின்னது" என்றாள். உண்மைதான். என்னோடு படித்தவர்கள் எல்லாம் எட்டு வயது, பத்து வயது. அவர்கள் என்னை ஒரு வினோதமாகவே நினைக்கவில்லை. "உங்க பச்சையக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வினோதமாகப் பார்த்தது, படிக்கட்டில் காத்திருந்த அவர்களுடைய அப்பா அம்மாக்கள்தான். "பேரன விட வந்தீங்களா, பேத்திய விட வந்தீங்களா?" என்று கேட்பார்கள். நான் பிரஷ்ஷைக் காட்டுவேன்.

என் மகள் ஓசூரில் இருக்கிறாள். போனில் சொன்னபோது, "இந்த வயசுல எதுக்கும்மா அலைச்சல், கோயில் கொளம்னு போயிட்டு வரலாமில்ல" என்றாள். இவளுக்கு லீவு கிடைக்காத போதெல்லாம் பஸ் ஏறிப்போய் இவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது இதே வயதில்தான். அப்போது அலைச்சல் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான். காது குத்து, கெடா வெட்டு, பெண் பார்ப்பது, வளைகாப்பு, எல்லாம். என் வீட்டுக்காரர் தலைமகன், அவருக்குத் தங்கைகள் உண்டு, பங்காளிகள் உண்டு. மூத்த மருமகள் வந்து தட்டைத் தொட்டுக் கொடுத்தால்தான் சீர்வரிசை வாசலைத் தாண்டும். வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு காது குத்து வந்தது. நான் வரவில்லை என்று சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "இல்லீங்க, அவளுக்கு மூட்டு வலி. ஞாயித்துக்கெழம தருமபுரியில காட்டிட்டு இருக்கறோம். ஆமாங்க, தேய்மானமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையலறைவரை கேட்டது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏனுங்க, படம் வரையறான்னு சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒத்துக்குவாங்களா? சீக்குன்னா ஒத்துக்குவாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே சண்டை போட்டு முடித்திருப்பேன். ஒரு பொம்பளைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால், அவள் உடம்பில் எதையாவது உடைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டியிருக்கிறது. அவர் தினமும் காலையில் டீக்கடைக்குப் போய் மூன்று மணி நேரம் நாட்டு நடப்புப் பேசிவிட்டு வருகிறார். அதற்கு எந்த உறுப்பிலும் வலி தேவைப்படவில்லை. என் கோபம் இதுதான், இதற்கு மேல் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பு போய்விடக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வகையில் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

வருடக் கடைசியில் வகுப்புப் பிள்ளைகள் வரைந்ததை எல்லாம் ஒரு மண்டபத்தில் மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். ஆளுக்கு ஒரு படம், பிரேம் போட்டு, கீழே பெயர் எழுதி. நான் எதை வரைவது என்று யோசிக்கவே இல்லை. சித்தேரி மலை ரோடு தொடங்குகிற அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. மலை பஸ்ஸுக்காக நான் வருடக் கணக்கில் அதனடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை மலையிலிருந்து ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரிவரை தாங்காமல் அந்த மரத்தடியிலேயே பிரசவம் பார்த்தேன். சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள நாலு பெண்கள் நின்றார்கள். பெண் குழந்தை, நல்ல எடை. அந்த மரத்தைத்தான் வரைந்தேன்.

மூன்று மாதம் ஆனது. அடிமரத்தின் பட்டை கைக்கு வரவே மாட்டேன் என்றது. காய் எப்படித் தொங்கும் என்று சந்தேகம் வந்து, ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரூர் போய் அங்கிருந்து மலை பஸ் பிடித்து மரத்தையே பார்த்துவிட்டு வந்தேன். கொத்தாகத் தொங்குகிற காய்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். முடித்தபோது டீச்சர் பெண் கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பேரு எழுதிடுங்கம்மா" என்றாள். கண்காட்சியன்று எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அது என் தப்பு. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது, ஆனாலும் ஆசை தாங்காமல் கண்ணாடி பிரேம் போட்டு வாங்கி வந்து, பத்திரமாக பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு என் நாத்தனார் வீட்டில் புதுமனை புகுவிழா. இவருடைய தங்கை தருமபுரிக்கு வெளியே புதுத் தெருவில் வீடு கட்டியிருந்தாள். நான் முந்தின நாளே போய்விட்டேன். அண்ணி இல்லாமல் அடுப்பு எரியாது அவளுக்கு. இவரிடம், கடையில் நல்லதாக ஒரு லட்சுமி படம் வாங்கி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். விடிகாலையில் கலர் காகிதம் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். பரவாயில்லை, மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாரிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அண்ணா, நீங்க குடுத்த படம் அவ்வளவு நல்லா இருக்குதுண்ணா. வேப்பமரம் அப்படியே உசுரோட நிக்கற மாதிரி இருக்குது. ஹால்லயே மாட்டிட்டோம். எங்க வாங்குனீங்க?"

"பெங்களூர்ல சொல்லி வெச்சு வாங்குனதும்மா" என்றார் என் வீட்டுக்காரர். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்து போய் பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். இல்லை. திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன். "கடைக்குப் போக மறந்துட்டேன். விடியக்காலம் எந்தக் கடை தொறந்திருக்கும்? அது சும்மா கெடந்துச்சு, பின்னாடி என் பேர எழுதி ஒட்டிக் குடுத்துட்டேன். நீ வேற ஒண்ணு வரஞ்சுக்க மாட்டியா?" என்றார். இன்னொன்று சமைத்துக்கொள்ள மாட்டியா என்கிற அதே குரல். எடுத்ததைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. என் மரத்தை பெங்களூரில் விலைக்கு விற்கிற சாமானாக்கி, அதில் 'அன்பளிப்பு' என்று போட்டு அவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. வேப்பமரமாம்! காய் தொங்குகிறதே, அதைக்கூடப் பார்க்கவில்லையா?

திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பால் காய்ச்சின வீட்டுக்குள் போன பொருளைத் திரும்பக் கேட்பது, அந்த வீட்டு லட்சுமியைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிற மாதிரி. எங்கள் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். மறுபடி வரைந்து பார்த்தேன். அடிமரம் கரண்ட் கம்பம் மாதிரி நின்றது. கண்காட்சிக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று ஒரு பூசணிக்காயை வரைந்து வைத்தேன். டீச்சர் பெண் அதைப் பார்த்து, "நல்லா இருக்குதுங்கம்மா" என்றாள். நன்றாக இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு. கடைசி வகுப்பு. காலையில் நாத்தனார் போன் செய்து, அண்ணியையும் கூட்டிக்கொண்டு உடனே வரச் சொன்னாள். குரல் சரியாக இல்லை. போனோம். ஹாலில் அவளும், அவளுடைய வீட்டுக்காரரும், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். குடி வந்து மூன்றாவது வாரம் போர் மோட்டார் புகைந்துவிட்டது. அதைச் சரி செய்ய ஆள் கூட்டிவரப் போனபோது அவளுடைய வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஹாலில் இருந்த படத்தை உற்றுப் பார்த்து, "இது வேப்பமரம் இல்லீங்க, காய் தொங்குது பாருங்க, புளி" என்று சொல்லியிருக்கிறாள். புளியமரத்தில் என்ன குடியிருக்கும் என்று எங்கள் ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். அதைப் புது வீட்டுக்குள் யாராவது கொண்டுவந்து வைப்பார்களா? நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட காய்கள்தான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கின்றன.

"படத்த எடுத்தெறிஞ்ச அன்னிக்கே மோட்டார் ஓடுச்சு. அவருக்கும் கால் தேவுல. அதுக்கப்புறம் ஒரு கொறையும் இல்ல" என்றாள் நாத்தனார். "நான் ஒண்ணு கேக்கறேண்ணா, நம்ம வூட்டு மேல உங்களுக்கு என்ன கோவம்?"

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கென்னம்மா தெரியும்? உங்க அண்ணிதான் இத எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்தா" என்றார்.

படம் நன்றாக இருந்தவரை அது பெங்களூரிலிருந்து வந்தது. பேய் குடியேறியதும் அது என்னிடமிருந்து வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அதே பிரேமில், நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தப் பழுப்புச் சட்டத்தில், காலண்டரிலிருந்து வெட்டின லட்சுமி இருந்தாள். குங்குமம் வைத்து, பூ போட்டிருந்தார்கள்.

"படத்த எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

நாத்தனார் அவளுடைய வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. தூக்கிப் போடலாம்னுதான் பிரிச்சேன். காலண்டர் தாளு மெல்லிசு, தனியா வெச்சா சுருங்குது. அது நல்லா கெட்டியா இருந்துச்சா, அப்படியே பின்னாடி குடுத்துட்டேன். அது உள்ளதான் இருக்குது."

நாத்தனாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை நாளாக அவள் விளக்கேற்றிக் கும்பிட்டது லட்சுமியை மட்டும் இல்லை. மோட்டார் ஓடியதும், கால் தேறியதும், ஒரு குறையும் இல்லாமல் போனதும் என் புளியமரம் வீட்டுக்குள் இருக்கும்போதுதான். அதைச் சொல்லிக் காட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினேன்.

"அண்ணி, வேண்டாம் அண்ணி. மூட்டு வலியோட ஏறாதீங்க" என்று நாத்தனார் ஓடி வந்தாள்.

"எனக்கு மூட்டு வலி இல்ல" என்றேன். நாற்காலி மேல் நின்றதாலோ என்னவோ, என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஒரு நாளும் வந்ததில்ல. ஞாயித்துக்கெழம நான் வைத்தியத்துக்குப் போகல. படம் வரையக் கத்துக்கப் போறேன். இந்த மரம் நான் வரைஞ்சது. பெங்களூர்ல வாங்குனதும் இல்ல, நான் எடுத்துக் குடுத்ததும் இல்ல. என்னயக் கேக்காம எடுத்துட்டு வந்தது உங்க அண்ணன்."

நான் படத்தை இறக்கி, தரையில் உட்கார்ந்து, பின்னால் இருந்த ஆணிகளைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். மரம் வந்தது. ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் பட்டிருந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. காலண்டரின் பின்னட்டையை வெட்டி லட்சுமிக்கு முட்டுக் கொடுத்து, பிரேமைத் திரும்ப மாட்டச் சொல்லி நாத்தனாரிடம் கொடுத்தேன். பிரேமின் முதுகில் 'அன்பளிப்பு' சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

செருப்பு மாட்டும்போது நாத்தனார் பின்னாலேயே வந்தாள். "அண்ணி, நெசமாலுமே உங்க கையில வரைஞ்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தக் காயெல்லாமா?" என்றாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. இவர்மேல் இருந்தது போகவில்லை, இதை எழுதும்போதும் போகவில்லை.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஆட்டோவை நேராக ஜெராக்ஸ் கடைக்கு விடச் சொன்னேன். அவரும் கூடவே ஏறிக்கொண்டார். நான் மாடியேறினேன், அவர் முதன்முதலாக அந்தப் படிக்கட்டில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அப்பா அம்மாக்களோடு உட்கார்ந்தார். உள்ளே போய் பூசணிக்காயைத் திருப்பி வாங்கிக்கொண்டு மரத்தைக் கொடுத்தேன். டீச்சர் பெண் ஒரு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். வலது பக்கக் கீழ் மூலையில், வேருக்குப் பக்கத்தில், என் பெயரை எழுதினேன். இனிஷியல் போடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு பங்காளி வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த ஞாயிறுதான் கண்காட்சி.

"இல்லீங்க, அவ வர மாட்டா. அவளுக்கு மூட்டு..." என்று தொடங்கித் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் மேல்படியிலேயே நின்றேன். போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, வெளியே சொல்லக் கூடாத வியாதியின் பெயரைச் சொல்கிறவர் மாதிரி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அவ படம் வரையறா. அவ படத்த மண்டபத்துல வெக்கறாங்க, அதுக்குப் போறா" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. கீழ மெஷின் ஓடுது, அவங்களுக்குக் கேட்டிருக்காது" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னார். படியில் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.